கிடார் மைக் வாங்கும் முன்: எந்தக் காசு காதில் கேட்கும்?

அக்கூஸ்டிக் கிடாரை வீட்டிலேயே பதிவுசெய்ய நினைப்பவர்கள் முதலில் தேடுவது மைக்கின் பெயரைத்தான். ஏடி2020 நல்லதா, எஸ்எம்57 நல்லதா, இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து ரோட் என்டி1 வாங்கிவிடலாமா என்று வாரக்கணக்கில் வீடியோ பார்ப்பார்கள். ஒருவழியாக ஒன்றை வாங்கி, கட்டிலில் உட்கார்ந்து, கிடாரின் நடுவிலுள்ள வட்டத் துளையான சவுண்ட் ஹோலுக்கு நேரே வைத்து ரெக்கார்டை அழுத்துவார்கள். போட்டுக் கேட்டால் எல்லாம் கும்மென்று அடைத்துக்கொண்டு ஒலிக்கும். மைக் சரியில்லை என்று முடிவுகட்டி, அடுத்த மைக்கைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

இந்தச் சுற்றில் போகிற பணத்தில் பாதிக்கு மேல் காதில் கேட்காத பணம். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும் மைக்குகள் இன்று நன்றாகவே தேறிவிட்டன. வீட்டு அறையில் எடுக்கும் பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் அவை அல்ல. எங்கே செலவழித்தால் வித்தியாசம் கேட்கும், எங்கே கேட்காது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் மைக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கிடாரிலிருந்து தொடங்க வேண்டும்.

கிடார் கம்பி தானாக எழுப்பும் சத்தம் மிகக் குறைவு. மெல்லிய கம்பியால் காற்றைப் பெரிதாகத் தள்ள முடியாது. கம்பியின் அதிர்வு, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக மேல்பலகைக்குப் போகிறது. அகலமான அந்தப் பலகைதான் காற்றை அசைக்கிறது. உள்ளே அடைபட்ட காற்று சவுண்ட் ஹோல் வழியாக உள்ளும் வெளியுமாக அசைந்து இன்னொரு பங்கு சேர்க்கிறது. பெரிய உடம்புள்ள ட்ரெட்நாட் வகைக் கிடாரில் இந்தக் காற்றின் அதிர்வு 100 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 100 அதிர்வுகளை, ஒட்டி உச்சம் அடையும். துளைக்கு நேரே மைக் வைத்தால் கிடைப்பது முழுக் கிடாரின் ஒலி அல்ல, அந்த 100 ஹெர்ட்ஸ் வட்டாரத்தின் கும்மல்தான். இதோடு இன்னொன்றும் சேரும். ஒரு திசையை மட்டும் நோக்கிக் கேட்கும் கார்டியாய்டு வகை மைக்குகள் எல்லாவற்றுக்கும், ஒலி எழும் இடத்தை நெருங்க நெருங்க அடித்தொனியைப் பெருக்கிக் காட்டும் குணம் உண்டு. மேடைப் பாடகர்கள் மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துக் குரலைத் தடிப்பாக்கிக்கொள்வது இதை வைத்துத்தான். கிடாருக்கு இது வேண்டாத தடிப்பு.

ஆகவே ஸ்டுடியோக்காரர்கள் வழக்கமாகத் தொடங்கும் இடம் 12ஆவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் பன்னிரண்டாவது). கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தை நோக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி, மைக்கின் முகத்தைச் சற்றே உடம்புப் பக்கம் திருப்பி வைப்பார்கள். இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, தொடக்கப் புள்ளி அவ்வளவுதான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு யாரையாவது வாசிக்கச் சொல்லி, மைக்கை அங்கிருந்து சவுண்ட் ஹோல் பக்கம் ஒரு சாண் தூரம் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். முதல் நான்கு விரற்கடைக்குள் கம்பியில் பிக் படும் டிக்கென்ற ஒலி தெளிவாகிக்கொண்டே வரும், உடம்பு நிறையும். அதற்கப்புறம் ஓர் இடத்தில் அடித்தொனி சட்டென்று பொங்கி, மேல்கம்பிகள் அதற்குள் மூழ்கிப்போகும். அந்தப் பொங்கலுக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்தினால் போதும். இதே மைக்கை எதிர்த்திசையில், கழுத்தின் மேல்பக்கமாகக் கொண்டுபோனால் ஒலி மெலிந்து, இடதுகை விரல்கள் கம்பியில் கீச்சிடுவதுதான் முன்னால் நிற்கும். ஒரே மைக், ஒரே கிடார். ஒரு சாண் நகர்வில் கேட்கிற வித்தியாசம், ஒரே வகையைச் சேர்ந்த பத்தாயிரம் ரூபாய் மைக்குக்கும் நாற்பதாயிரம் ரூபாய் மைக்குக்கும் நடுவே கேட்கிற வித்தியாசத்தைவிடப் பெரிது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, செய்து பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

ஹெட்ஃபோன் இல்லையென்றால் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மற்ற காதை வாசிப்பவரின் கிடாருக்கு முன்னால் கொண்டுபோய்த் தேடலாம். இரண்டு காதாலும் கேட்கும்போது மூளை அறையின் எதிரொலியைத் தள்ளிவிட்டுக் கேட்கும். ஒரு காதை மூடினால் அந்த வசதி பெரிதும் போய்விடும், ஏறத்தாழ மைக்குக்குக் கேட்பதுபோலவே நமக்கும் கேட்கும். காதுக்கு எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கேதான் மைக் வர வேண்டும்.

இனி மைக்குக்கு வரலாம். கிடாரின் அடிக் கம்பியைச் சும்மா மீட்டினால் 82 ஹெர்ட்ஸ், முதல் கம்பி 330 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பியில் 20ஆவது ஃப்ரெட் வரை ஏறினாலும் சுரத்தின் அடிப்படை அதிர்வு 1050 ஹெர்ட்ஸைத் தாண்டாது. அதற்கு மேலே கேட்பவை எல்லாம் மேற்சுரங்களும், பிக் உரசும் ஒலியும், விரல் நகத்தின் ஒலியும்தான். புதுக் கம்பி மாட்டிய கிடாருக்கு ஒரு மினுமினுப்பு இருக்குமே, அது 5000 ஹெர்ட்ஸிலிருந்து 10,000 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் பரவிக் கிடக்கிறது. ஒரு மைக் கிடாருக்குப் பொருந்துமா என்பதைப் பெரும்பாலும் அந்த மேல்மாடியில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கம்பிச்சுருளை வைத்து வேலைசெய்யும் டைனமிக் மைக்குகள் அங்கேதான் பின்தங்குகின்றன. ஷூர் நிறுவனம் 1965இல் கொண்டுவந்த எஸ்எம்57 இன்றும் விற்கிறது, இன்றும் அமெரிக்க அதிபரின் மேடையில் நிற்கிறது. உறுதியிலும் பயனிலும் அதற்கு ஈடு குறைவு. ஆனால் அதன் மெல்லிய தகட்டோடு ஒரு கம்பிச்சுருள் ஒட்டியிருக்கிறது. அந்தச் சுருளையும் சேர்த்து அசைக்க வேண்டியிருப்பதால் நுட்பமான, வேகமான அதிர்வுகளுக்கு அது தாமதமாகவே இசையும். நிறுவனமே தரும் கணக்கில் அதன் எல்லை 15,000 ஹெர்ட்ஸ். அது எழுப்பும் மின்னழுத்தமும் குறைவு: ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு சுமார் 1.6 மில்லிவோல்ட். அதே அழுத்தத்துக்கு ஆடியோ-டெக்னிகாவின் ஏடி2020 என்ற கண்டென்சர் மைக் 14 மில்லிவோல்ட் தருகிறது. ஏறத்தாழ ஒன்பது மடங்கு.

இந்த ஒன்பது மடங்கை எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில், ஒலியைப் பெருக்கும் கெயினைத் திருகித்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். பலமாக ஸ்ட்ரம் செய்தால் பரவாயில்லை. விரலால் மெதுவாக வாசிக்கும்போது கெயின் திருகு ஏறக்குறைய முடிவுவரை போய்விடும். நல்ல இன்டர்ஃபேஸாக இருந்தால் அப்போதும் இரைச்சல் கட்டுக்குள் இருக்கும், ஏடி2020இன் அளவை ஒட்டியே வரும். மலிவான இன்டர்ஃபேஸில் அந்த எல்லைக்குப் போனால் பாட்டுக்குப் பின்னால் உஸ்ஸென்ற சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். எஸ்எம்57ஐ மலிவான தேர்வு என்று சொல்பவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. குரலுக்கும் எலெக்ட்ரிக் கிடார் ஆம்ப்புக்கும் சேர்த்து ஒரே மைக் வேண்டும் என்றால் அது நல்ல தேர்வுதான். அக்கூஸ்டிக் கிடார் மட்டுமே நோக்கம் என்றால் முதல் மைக்காக அதை நான் சொல்ல மாட்டேன். வாங்குவதானால் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்குங்கள். எஸ்எம்57, எஸ்எம்58 இரண்டுக்கும் போலிகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம்.

கண்டென்சரில் சுருள் கிடையாது. தங்கம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று உலோகத் தகட்டுக்கு மிக அருகே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். படலம் அசையும்போது இரண்டுக்கும் இடையிலான மின்கொள்ளளவு மாறும், அந்த மாற்றம்தான் ஒலியின் நகல். படலம் மிக லேசானது, அதனால் வேகம். இந்த முறையை 1916இல் வென்டெ என்ற பொறியாளர் கண்டுபிடித்தபோதே இதன் தரம் தெரிந்துவிட்டது. ஆனால் படலத்துக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு மின்னழுத்தத்தை வெளியிலிருந்து ஓயாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான மின்சுற்று, வால்வு, தனி மின்வழங்கி எல்லாம் சேர்ந்து கண்டென்சரை வானொலி நிலையங்களும் பெரிய ஸ்டுடியோக்களும் மட்டும் வாங்கக்கூடிய பொருளாகப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தன.

அதை உடைத்தவர்கள் பெல் ஆய்வகத்தில் வேலைபார்த்த ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர். 1962இல் அவர்கள் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றில் மின்னூட்டத்தை நிரந்தரமாகப் பதித்துக் காட்டினார்கள். இந்த எலெக்ட்ரெட் முறையில் படலத்துக்கு வெளியிலிருந்து மின்னழுத்தம் தர வேண்டியதில்லை, உள்ளே இருக்கும் சின்ன பெருக்கிக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போதும். டேப் ரெக்கார்டர், தொலைபேசி, காலர் மைக் என்று உலகத்தில் அதற்குப் பின் செய்யப்பட்ட மைக்குகளில் பெரும்பான்மை அந்த வழியில் வந்தவை. தொடக்கத்தில் எலெக்ட்ரெட் என்றால் மட்டமானது என்ற பெயர் இருந்தது. மின்னூட்டத்தைப் படலத்தில் வைக்காமல் பின்தகட்டில் வைக்கக் கற்றுக்கொண்டதும் படலத்தை வேண்டிய அளவுக்கு மெல்லியதாக்க முடிந்தது, அந்தப் பெயரும் போய்விட்டது. இன்று நாம் மலிவு என்று சொல்லும் ஏடி2020, அதன் ஒல்லியான தம்பி ஏடி2021, ரோட் எம்5 எல்லாமே நிரந்தர மின்னூட்டம் கொண்டவைதான்.

விலை இறங்கியதற்கு இன்னொரு காரணம் பெய்ஜிங்கில் இருக்கிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் உதவியோடு அங்கே ஒரு பெரிய மின்னணுத் தொழிற்சாலை வளாகம் எழுந்தது. அதிலிருந்து பிரிந்த 798 என்ற பகுதி இன்று ஓவியக் கூடங்களுக்குப் பெயர்பெற்ற இடம். பக்கத்திலிருந்த 797 மைக் செய்வதைத் தொழிலாக எடுத்துக்கொண்டது. 1990களுக்குப் பிறகு மேற்கத்திய நிறுவனங்களின் பெயரில் வந்த மலிவு கண்டென்சர்கள் பல சீனத் தொழிற்சாலைகளில் பிறந்தவை. வீட்டில் ஒரு கண்டென்சர் வைத்துக்கொள்வது சாதாரண விஷயமாக ஆனது அப்போதுதான்.

கண்டென்சருக்கு இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் என்ற பொத்தான் வேண்டும். அந்த எண் வந்த கதை சுவையானது. 1966இல் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்காகத் தன் கேஎம்84 மைக்கை டிரான்சிஸ்டரில் செய்தது. கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்ப எத்தனை வோல்ட் வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, அந்த நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் வழங்கி இருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள், உலகமும் பின்பற்றியது. விரல் நீளத்தில் பென்சில்போல ஒல்லியாக இருந்த அந்த கேஎம்84 அக்கூஸ்டிக் கிடாருக்கு ஸ்டுடியோக்கள் தேடும் மைக்காகவே நிலைத்துவிட்டது. இன்று அதன் வாரிசான கேஎம்184 நமக்குக் கைக்கெட்டாத விலை. ஆனால் அதன் உருவத்தில் ஒரு பாடம் இருக்கிறது.

கண்டென்சரில் இரண்டு உடல்வாகு உண்டு. பென்சில்போல நுனியால் கேட்பவை சிறிய டயாஃப்ரம் (டயாஃப்ரம் என்பது மேலே சொன்ன அந்தப் படலம்). பாடகர் முன்னால் தொங்கும் தடிமனானவை, பக்கவாட்டால் கேட்பவை, பெரிய டயாஃப்ரம். கடைகளும் வீடியோக்களும் பெரியதையே முன்னால் தள்ளுகின்றன, பார்க்க ஸ்டுடியோ மாதிரி இருக்கும் என்பதும் ஒரு காரணம். குரலுக்கு அது சரி. வீட்டு அறையில் கிடாருக்கு நான் பரிந்துரைப்பது சிறியதைத்தான். பெரிய டயாஃப்ரம் நேர்முன்னால் வரும் ஒலியை அழகாக வாங்கும், பக்கவாட்டில் வரும் ஒலியின் மேல்தொனியைத் தாறுமாறாக மாற்றும். சுற்றிலும் பஞ்சு வைத்த ஸ்டுடியோவில் பக்கவாட்டில் வர ஒன்றும் இல்லை, அதனால் கவலையும் இல்லை. நம் அறையில் சுவர், டைல்ஸ் தரை, பீரோக் கதவு எல்லாம் கிடாரின் ஒலியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எதிரொலிகள் அரைகுறை நிறத்தில் மைக்குக்குள் நுழைந்து கிடாரின் ஒலியோடு கலக்கும். பதிவில் கேட்கும் அந்த டப்பாத்தனம் பாதி இதனால்தான். சிறிய டயாஃப்ரம் பக்கவாட்டு ஒலியைக் குறைத்து வாங்கினாலும் நிறம் மாற்றாமல் வாங்கும். எதிரொலி இருக்கும், ஆனால் அருவருப்பாக இருக்காது.

இந்தக் கணக்கில் ஏடி2020 ஓர் இடைநிலை. உருவம் பெரிய மைக் மாதிரி இருந்தாலும் உள்ளே டயாஃப்ரம் 16 மில்லிமீட்டர்தான். வீட்டில் கிடாரும் பாட்டும் சேர்த்துப் பதிவுசெய்பவர்களுக்கு அது இன்னும் நல்ல பேரம். கிடார் மட்டும் என்றால் ஏடி2021, ஏகேஜி பி170, எஸ்இ எலெக்ட்ரானிக்ஸின் எஸ்இ7 போன்ற ஒல்லி மைக்குகளில் எது உங்கள் ஊர்க் கடையில் நியாயமான விலைக்குக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். ரோட் எம்5, பெரிங்கர் சி-2 இரண்டும் ஜோடியாக வருபவை. இவற்றுக்கிடையே மினுமினுப்பில், கனத்தில் சிறுசிறு வேறுபாடுகள் உண்டு. பளபளப்பான ஒலியுள்ள கிடாருக்கு பளபளப்பான மைக் சேர்ந்தால் காதைக் குத்தும் என்பதைத் தவிர, இந்த வேறுபாடுகளுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்கு ஸ்டாண்ட், பஞ்சுக் குல்லா, கேபிள் எல்லாம் சேர்த்து பிஎம்-800 என்ற பெயரில் வரும் தொகுப்பு. வெளியே பெரிய கண்டென்சர் மாதிரி கூடு, உள்ளே காலர் மைக்கில் இருப்பது போன்ற ஒரு சின்ன எலெக்ட்ரெட் குமிழ். அந்த ஆயிரத்தைப் புதுக் கம்பிக்குச் செலவழித்தால் பதிவில் கேட்கும்.

அடுத்தது இரைச்சல். விலை உயர்ந்த மைக்குக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் இதுதான் முதன்மையானது. ஒவ்வொரு மைக்கும் தானாக எழுப்பும் இரைச்சலை டெசிபலில் போட்டிருப்பார்கள். ஏடி2020க்கு 20, ரோட் எம்5க்கு 19, நாய்மன் கேஎம்184க்கு 13, ரோட் என்டி1-ஏ என்ற பெரிய டயாஃப்ரத்துக்கு 5. காகிதத்தில் 20க்கும் 5க்கும் மலையளவு தூரம். ஆனால் அந்த மைக் வந்து நிற்கப்போகிற அறையைப் பாருங்கள். இரவில், ஃபேனை நிறுத்தி, ஜன்னலை மூடிய ஒரு நல்ல படுக்கையறையின் பின்னணிச் சத்தம் 30 டெசிபலை ஒட்டி இருக்கும். 30 டெசிபல் அறையில் 20 டெசிபல் மைக்கை வைத்தால் இரண்டும் சேர்ந்து 30.4. அதே அறையில் 5 டெசிபல் மைக்கை வைத்தால் 30.0. இடையில் இருப்பது அரை டெசிபல்கூட இல்லை. ஃபேன் சுற்றினால் அந்த அரையும் காணாமல் போகும்.

முழு உண்மையையும் சொல்ல வேண்டும். அறையின் சத்தம் பெரும்பாலும் அடித்தொனியில் இருக்கும். மைக்கின் இரைச்சல் மேல்தொனியில் உஸ்ஸென்று தனியாகத் தெரியக்கூடும். மெல்லிய நைலான் கம்பிக் கிடாரை மெதுவாக, தனியாக வாசித்து, நடுவில் நீண்ட மௌனம் விடுபவர்களுக்கு என்டி1 போன்ற அமைதியான மைக் நியாயமான செலவுதான், அறையும் உண்மையிலேயே அமைதியாக இருந்தால். ஸ்டீல் கம்பியில் ஸ்ட்ரம் செய்பவர்களுக்கு அந்த வித்தியாசம் ஒருநாளும் கேட்காது.

கேட்கக்கூடிய செலவு எது என்றால், அறைதான். நம் ஊரில் பத்துக்குப் பத்து அறை என்பது ஏறக்குறைய வாடகை வீட்டின் அலகு. பத்தடி என்பது மூன்று மீட்டருக்குச் சற்றுக் கூட. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி நின்று அதிரும் அலைவரிசைகளைக் கணக்குப் போட்டால் முதலாவது 56 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் வரும். கிடாரின் அடிக் கம்பிக்கும் கீழே, நமக்குத் தொல்லையில்லை. இரண்டாவது, அறையின் வெப்பத்தைப் பொறுத்து, 112 முதல் 115 ஹெர்ட்ஸ். கிடாரின் ஏ கம்பி 110 ஹெர்ட்ஸ், அதன் முதல் ஃப்ரெட் 116.5. அறையின் அதிர்வு இரண்டுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு ஜோடிச் சுவர்களும் ஒரே சுரத்தைத் தூக்கிக் கொடுக்கும். கூரையும் பத்தடி என்றால் மூன்று. கிடாரின் 100 ஹெர்ட்ஸ் கும்மல் வேறு பக்கத்திலேயே இருக்கிறது. ஏ கார்டு பிடிக்கும்போதெல்லாம் ஒலி பொங்கி, டி கார்டுக்கு மாறினால் ஆளே காணாமல் போவது இதனால்தான். எத்தனை லட்சத்துக்கு மைக் வாங்கினாலும் அது இந்தப் பொங்கலை இன்னும் துல்லியமாகப் பதிவுசெய்து தரும், அவ்வளவே.

இந்த இரண்டாவது அதிர்வு சுவரோரங்களிலும் அறையின் நட்டநடுவிலும் உச்சமாக இருக்கும். சுவரிலிருந்து கால்வாசித் தூரத்தில், அதாவது இரண்டரை அடியில், அடங்கிவிடும். பெரும்பாலோர் நாற்காலியை நடுவில் போட்டுத்தான் உட்காருகிறார்கள். அங்கிருந்து மைக்கும் கிடாருமாக இரண்டு பக்கச் சுவர்களில் ஒன்றை நோக்கி நகர்ந்தால், காசு செலவில்லாமல் ஏ கம்பி ஓரளவு வழிக்கு வரும். சுவரை நெருங்குவதால் வரும் கூர்மையான எதிரொலிக்கு அந்தச் சுவரில் கனமான போர்வையோ ஜமுக்காளமோ தொங்கவிட வேண்டும். தரையில் ஒரு பாய் போதாது, தடித்த விரிப்பு வேண்டும். துணியெல்லாம் மேல்தொனியைத்தான் உறிஞ்சும், 110 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. அதற்கு ஓரளவாவது உதவுவது தடிமன். மூலையில் நிமிர்த்தி வைத்த இலவம்பஞ்சு மெத்தை, முட்டை அட்டையையும் ஒரு அங்குல ஃபோமையும்விடப் பலமடங்கு பயன் தரும்.

எந்தச் சுவருக்கு முதலில் போர்வை போடுவது என்பதில் பலரும் தவறான பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மைக்குக்குப் பின்னால் போர்வை கட்டுவார்கள். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் ஏறக்குறைய செவிடு. அது பார்ப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். ஆகவே போர்வை உங்கள் முதுகுக்குப் பின்னால் வர வேண்டும். மைக்கின் செவிட்டு முதுகு தெருப்பக்க ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும். ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை. மே மாதத்தில் வேர்த்துக்கொட்டும், ஆனால் ஃபேன் காற்று மைக்கில் படுவதையும் அதன் முனகலையும் எந்த மென்பொருளும் கிடாருக்குச் சேதமில்லாமல் எடுத்துத் தராது. விடியற்காலை நான்கு மணிக்குத் தெருவும் அடங்கி, உடம்பும் வேர்க்காத அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்பவர்கள் பலர்.

இன்டர்ஃபேஸில் கஞ்சத்தனம் ஓரளவுக்குத்தான் செல்லும். பெரிங்கர் யுஎம்2 போன்ற ஆகக் குறைந்த விலைக் கருவி 16 பிட்டில் வேலைசெய்யும் (பிட் கூடக்கூட மெல்லிய ஒலியையும் நுட்பமாக அளக்கலாம்). ஒலியளவை உச்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவுசெய்யத் தூண்டும், ஒரு பலமான ஸ்ட்ரம்மில் கிழிந்துவிடும். அதே நிறுவனத்தின் யுஎம்சி202எச்டியோ ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட்டோ 24 பிட். மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கும்படி நிதானமாக வைத்து, பின்னால் உயர்த்திக்கொள்ளலாம். இன்டர்ஃபேஸே வேண்டாம், கம்ப்யூட்டர் பக்கமே போக மனமில்லை என்பவர்களுக்கு ஜூம் எச்1என் போன்ற கைப்பதிவுக் கருவி உண்மையான மாற்று வழி. அதன் தலையில் குறுக்காக வைத்த இரண்டு சிறிய கண்டென்சர்களே ஸ்டீரியோ தரும். சாதாரண மொபைலின் பதிவு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அதன் மென்பொருள் சத்தத்தை அவ்வப்போது தானாக ஏற்றி இறக்கும். கம்பியின் ஒலி அடங்கும் வாலை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். கிடாருக்குள் பொருத்திய பீசோ பிக்கப்பை நேரே சொருகிப் பதிவுசெய்தால் அறைத் தொல்லை கிடையாது, ஆனால் அது கேட்பது பிரிட்ஜின் அழுத்தத்தை மட்டும். பலகையும் காற்றும் அதில் இல்லை.

ஜோடி மைக் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. ஸ்டீரியோவில் கிடார் அகலமாக விரிந்து கேட்பது உண்மையிலேயே அழகு. ஆனால் இரண்டு மைக்குக்கும் ஒலி வந்துசேரும் தூரம் மாறுபட்டால், மோனோவில், அதாவது இரண்டும் ஒரே தடமாகச் சேரும்போது, ஒன்றையொன்று தின்னும். ஒரு மைக் மற்றதைவிட 17 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் 1000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் பள்ளம் விழும், அதற்கு மேலும் சீப்பின் பற்கள்போல வரிசையாகப் பள்ளங்கள். ஒற்றை ஸ்பீக்கர் மொபைலில் கேட்பவருக்கு கிடார் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். இரண்டின் தலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, 90 டிகிரியில் குறுக்கே வைத்தால் தூர வித்தியாசம் மறைந்து தொல்லை தீரும், அகலம் கொஞ்சம் குறையும். தனிக் கிடார் வாசிப்பவர்களுக்கு இது கற்றுக்கொள்ளத் தகுந்தது. பாட்டுக்குத் துணையாக வாசிப்பவர்கள் ஒரே மைக்கில் இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைத்தால் எந்த ஜோடி மைக்கும் தராத அகலம் கிடைக்கும்.

ஆக, கையில் இருபதாயிரம் இருந்தால் என் பங்கீடு இப்படி இருக்கும்: மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் சரிசமமாகப் பெரும்பகுதி, மீதியில் ஆடாத ஒரு பூம் ஸ்டாண்ட், ஒரு கேபிள், பதிவுக்கு முதல்நாள் மாட்டுவதற்கு ஒரு செட் கம்பி. ஸ்டாண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். நல்ல இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, நடுப்பாட்டில் மைக் தலைகுனிந்தால் அந்த டேக் போய்விடும்.

கடைசியாக, கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு சொல். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற இடங்களின் ஈரக்காற்று கண்டென்சருக்கு ஆகாது. படலத்தில் ஈரம் படிந்தால் படபடவென்று வெடிக்கும் சத்தம் வரும், உணர்திறனும் குறையும். வேலை முடிந்ததும் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவைக்காமல், காற்றுப் புகாத சமையலறை டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பைகளோடு போட்டு மூடுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்பது பார்த்தாலே தெரியும்.